தாஃப்னியா, ஹயசிந்தா? இரண்டும் கிரேக்கப் புராணக் கதைகளிலிருந்து வந்து, தாவரத்துக்கும் மனிதருக்கும் பெயரானவை; கதையிலும் பெயரிலும் எது மேல் என்பதுதான் கேள்வி.

இரண்டு கதையிலும் வில்லன் ஒருவர்தான்: கிரேக்கக் கடவுள் அப்போலோ.

தாஃப்னி ஆற்றுத் தெய்வத்தின் மகள். அப்போலோ விடாமல் துரத்த, ஓடிக் களைத்தவள் தந்தையிடம் வேண்டி லாரல் மரமாகிவிட்டாள். அப்போதும் விட்டாரா? அந்த இலையைப் பறித்துத் தலையில் சூடிக்கொண்டார். பண்டைய கிரேக்கத்தின் டெல்ஃபியில் அவருக்காக நடந்த பித்தியன் போட்டிகளில் வென்றவர்களுக்கும் லாரல் மாலைதான். கிரேக்க மொழியில் இன்றும் அந்த மரத்தின் பெயர் தாஃப்னி. பெண்களுக்கும் அதே பெயர். (நம் பிரிஞ்சி இலை அதே குடும்பம், ஆனால் வேறு மரம்.) தாவரவியலில்தான் குழப்பம்: அங்கே லாரலுக்கு லாரஸ் நோபிலிஸ் என்று பெயர், 'தாஃப்னி' என்பது சம்பந்தமே இல்லாத வேறொரு பேரினம்.

ஹயசிந்த் ஸ்பார்ட்டா பக்கத்து இளைஞன், அப்போலோவின் காதலன். அவர் எறிந்த வட்டு தலையில் பட்டு இறந்தான். பொறாமையில் மேற்குக் காற்றுதான் வட்டைத் திருப்பியது என்றும் சொல்வார்கள். ரத்தத்தில் முளைத்த பூவின் இதழில் 'ஐ ஐ' என்ற புலம்பல் எழுதியிருந்ததாம். இன்று கடையில் வாங்கும் ஹயசிந்தில் அப்படி எதுவும் கிடையாது. அந்தப் பழைய பூ வேறாகத்தான் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் 'நீர் ஹயசிந்த்' எனப்படும் நம் ஏரிகளின் ஆகாயத்தாமரையோ தென் அமெரிக்காவிலிருந்து வந்தது, உறவே இல்லை.

மனிதப் பெயராக இது நன்றாகவே அலைந்திருக்கிறது. 13ஆம் நூற்றாண்டுப் போலந்துத் துறவி ஒருவர் புனித ஹயசிந்த். ஸ்பானிய மொழியில் ஆணுக்கு ஹசிந்தோ, பெண்ணுக்கு ஹசிந்தா. ஆங்கிலத்தில் பெரும்பாலும் பெண் பெயர்.

கதைக்கு என் ஓட்டு ஹயசிந்துக்கு. பிள்ளைக்குப் பெயர் வைக்கச் சொன்னால், சரி, தாஃப்னி.