கோடு கீறிப் பழகுவதா, தாளைப் பார்க்காமல் கீறுவதா?

"எனக்குப் படமே கீற வராது" என்று சொல்பவர்களில் பாதிப்பேர் ஓஎல்லுக்குச் சித்திரப் பாடம் எடுக்காதவர்கள், மீதிப்பேர் எடுத்தவர்கள். இரண்டு கூட்டத்துக்கும் கையில் பெரிய குறை ஒன்றும் இல்லை, வெள்ளைத் தாளைக் கண்டதும் வருகிற கூச்சம்தான் சிக்கல். அதனால் எந்தப் பயிற்சி நாளைக்கும் கொப்பியைத் திறக்க வைக்கும் என்பதுதான் என் அளவுகோல். படம் வடிவாக வருவதெல்லாம் பிறகு.

யூடியூப்பில் தேடினால் பெரும்பாலும் முதலில் வந்து நிற்பது கோட்டுப் பயிற்சி. அடிமட்டம் இல்லாமல் நேர்கோடு, பிறகு பெட்டி, பிறகு நீள்வட்டம். செய்கிற முறை நல்ல முறைதான்: இரண்டு புள்ளி வைத்து, பேனை தாளில் படாமல் ஒன்றிலிருந்து மற்றதற்கு இரண்டு மூன்று தடவை கையை ஓடவிட்டு, அப்புறம் ஒரே இழுவை, கண் பேனை முனையில் இல்லாமல் போய்ச் சேரவேண்டிய புள்ளியில். நீளக் கோடு என்றால் மணிக்கட்டு காணாது, முழங்கையும் தோளும் சேர்ந்து அசைய வேண்டும். பொரளை கோதமி விகாரைக்கு ஒருதரம் போய், ஜோர்ஜ் கீட் 1939-40இல் சுவரில் தீட்டிய ஓவியங்களின் எல்லைக் கோடுகளைப் பாருங்கள், அப்படி வளைந்து ஓடுகிற கோட்டை மணிக்கட்டை மட்டும் ஆட்டிக் கீற முடியாது.

நீள்வட்டத்துக்கு ஒரு பிளேன் டீ கிளாஸ் போதும். மேலிருந்து பார்க்கும்போது வாய் விளிம்பைவிட அடிப்பகுதியின் வளைவு கொஞ்சம் கூடுதலாக உருண்டிருக்கும், ஆனால் புதிதாகக் கீறுகிற எல்லோரும் அடியில் ஒரு நேர்கோட்டை இழுத்து முடித்துவிடுவார்கள், ஏனென்றால் கிளாஸ் மேசையில் தட்டையாகத்தானே நிற்கிறது! கிளாஸைக் கண்மட்டத்துக்கு உயர்த்தினால் வாய் விளிம்பு ஒரே கோடாக ஒடுங்கிவிடும். இதை ஒருதரம் கவனித்தவருக்குக் குடம், வாளி, பானை எல்லாமே பிறகு பாதி சுகம்.

ஆனால் இந்தப் பயிற்சியில் கோடு புள்ளியைத் தவறவிட்டால் உடனே தெரியும். பக்கம் பக்கமாகத் தவறுகள் வரிசை கட்டி நிற்பதைப் பார்க்க, கூச்சமுள்ள ஆளுக்கு நம்பிக்கை எங்கே வரப்போகிறது? போதாக்குறைக்கு அலுப்பு வேறு.

எதிர்ப்பக்கத்தில் நிற்பது தாளைப் பார்க்காமல் கீறுவது. குசினியில் இருந்து ஒரு துண்டு இஞ்சியை எடுத்து மேசையில் வையுங்கள். அதன் ஓரத்தில் ஒரு எறும்பு ஊர்வதுபோல் கண்ணை நகர்த்தி, அதே வேகத்தில் பேனையையும் நகர்த்துங்கள், முடியும்வரை தாளைப் பார்க்கக் கூடாது. வருகிற படம் கோணல்மாணலாகத்தான் இருக்கும். எல்லோருக்கும் அப்படித்தான், கைதேர்ந்தவருக்கும். தாளைப் பார்க்காமல் கீறியதைச் சரி பிழை என்று யார் சொல்வது? அந்தச் சுதந்திரம்தான் இதன் பலம். கூடவே ஒன்று நடக்கும்: இஞ்சியில் இத்தனை கணு, இத்தனை வளையம், உரிந்த தோல் இருப்பதை அன்றைக்குத்தான் ஒழுங்காகப் பார்ப்பீர்கள். என் வாக்கு இதற்கு. குறை என்று சொன்னால், அளவும் விகிதமும் இதில் பிடிபடாது, மாதக்கணக்காக இதையே செய்துகொண்டிருந்தால் கை அப்படியே நிற்கும்.

ஒரு படத்தைத் தலைகீழாக வைத்துப் பார்த்துக் கீறுவதும் பிரபலம். இதற்கு வழக்கமாக எடுப்பது இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியைப் பிக்காசோ 1920இல் கோடுகளாலேயே கீறிய படம். மூக்கு, கை என்று பெயர் வைக்க மூளைக்கு வழி கிடைக்காததால் வளைவையும் இடைவெளியையும் மட்டுமே பார்ப்பீர்கள், நிமிர்த்திப் பார்த்தால் "இதையா நான் கீறினேன்" என்று வியப்பு வரும். ஒரே நாளில் நம்பிக்கை வேண்டுமென்றால் இதுதான் வழி. ஆனால் அது வேறொருவர் ஏற்கெனவே தட்டையாக்கித் தந்த கோடு. மறுநாள் உண்மையான கதிரைக்கு முன்னால் உட்கார்ந்தால் திரும்பவும் திணறுவீர்கள்.

அரை நிமிடத்தில் ஆளின் நிலையை மட்டும் பிடிக்கிற வேகக் கோட்டுக்குக் கோட்டையில் இருந்து வெள்ளவத்தைக்குப் போகிற ரயிலைவிட நல்ல இடம் இல்லை, கைபிடியில் தொங்குகிறவர்களை வேண்டியமட்டும் கீறலாம். முதல் வாரத்தில் வேண்டாம், பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்ப்பார்.

பென்சிலா பேனையா என்றால், பேனை. அழிறப்பர் பக்கத்தில் இருந்தால் ஒரு கோட்டைப் பத்துத் துண்டாக ஒட்டிக் கீறுகிற பழக்கம் போகவே போகாது. விலை கூடிய ஸ்கெச் புத்தகமும் இப்போதைக்கு வேண்டாம், தாளை வீணாக்கிவிடுவோமோ என்ற பயம் வேறு சேரும், மலிவான சீஆர் கொப்பியும் ஒரு போல்பொயிண்ட் பேனையும் காணும். முதல் இரண்டு வாரம் இஞ்சி, சாவிக்கொத்து, உங்கள் இடது கை என்று தாளைப் பார்க்காமலே கீறுங்கள், இடையில் ஒருநாள் தலைகீழ்ப் படம். கோட்டுப் பயிற்சியை அதற்குப் பிறகு தொடங்கி, கை சூடாகிற அளவுக்கு மட்டும், ஒரு பக்கத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.