பிரோகேட் ஜி610: வாங்கினால் இரண்டாக வாங்குங்கள்

பத்துப் பன்னிரண்டு சர்வர், ஒன்றிரண்டு ஸ்டோரேஜ் அரே (பல டிஸ்க்குகள் கொண்ட சேமிப்புப் பெட்டி) என்ற அளவில் சேன், அதாவது சர்வரையும் ஸ்டோரேஜையும் இணைக்கும் தனி நெட்வொர்க், போட நினைப்பவர்கள் கேட்டால், நான் முதலில் சொல்லும் பெயர் பிரோகேட் ஜி610 சுவிட்ச். ஒன்றே ஒன்று வாங்கப் போகிறீர்கள் என்றால் வேண்டாம் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுவேன். ரேக்கில் ஒரு யு (ஒரு தட்டு) உயரம், 24 போர்ட், போர்ட்டுக்கு 32 ஜிபிபிஎஸ், ஜென் 6 (ஆறாம் தலைமுறை) ஃபைபர் சேனல், அதாவது சேனில் டேட்டா போகும் முறை. எச்பிஇ இதை எஸ்என்3600பி என்றும், ஐபிஎம் சேன்24பி-6 என்றும், லெனோவோ டிபி610எஸ் என்றும் விற்கிறார்கள். பெயர்தான் வேறு, பெட்டி இதேதான். அதனால் கொட்டேஷன்களை ஒப்பிடும்போது பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

முதலில் பவர் சப்ளை. இதில் ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் பெட்டியோடு சேர்ந்தது, கழற்றி மாற்ற முடியாது. அது போனால் சுவிட்ச்சே போனது மாதிரிதான். சேனில் இதற்குப் பதில் ஏற்கெனவே உண்டு: இரண்டு தனித்தனி ஃபேப்ரிக், அதாவது ஒன்றோடொன்று சேராத இரண்டு சுவிட்ச் நெட்வொர்க். சர்வரின் எச்பிஏ கார்டில் (சர்வரை சேனோடு இணைக்கும் கார்டு) ஒரு போர்ட் ஏ சுவிட்ச்சுக்கு, இன்னொன்று பி சுவிட்ச்சுக்கு, ஸ்டோரேஜின் இரண்டு கன்ட்ரோலரிலிருந்தும் இரண்டு பக்கமும் கேபிள், சர்வரில் மல்டிபாத்திங் (இரண்டு வழியையும் சேர்த்துக் கையாளும் மென்பொருள்). ஒரு பக்கம் செத்தாலும் டேட்டா மறுபக்கம் ஓடிக்கொண்டே இருக்கும். இந்த இரண்டு சுவிட்ச்சுக்கும் நடுவில் மட்டும் கேபிள் போட்டுவிடாதீர்கள். லேன் பழகியவர்களுக்கு இரண்டு சுவிட்ச்சைப் பார்த்ததும் இணைக்கத்தான் கை போகும், ஆனால் இங்கே இணைத்தால் அந்தப் போர்ட்டுகள் இ போர்ட் (சுவிட்ச்சோடு சுவிட்ச்சை இணைக்கும் போர்ட்) ஆகி, நடுவில் ஐஎஸ்எல் (சுவிட்ச்சுகளுக்கு இடையிலான லிங்க்) உருவாகி, இரண்டும் ஒரே ஃபேப்ரிக் ஆகிவிடும், அப்புறம் சோனிங்கில் (எந்த சர்வர் எந்த ஸ்டோரேஜைப் பார்க்கலாம் என்று பிரிப்பது) யாராவது செய்யும் ஒரு தவறு இரண்டு பக்கத்தையும் சேர்த்தே கவிழ்க்கும்.

அடுத்தது லைசென்ஸ். முகப்பில் 24 ஓட்டை இருக்கிறது என்பதால் 24-ம் வேலை செய்யும் என்று நினைக்க வேண்டாம். அடிப்படை விலையில் 8 போர்ட்தான் திறந்திருக்கும், மேலே எட்டு எட்டாகக் காசு கொடுத்துத் திறக்க வேண்டும். எஸ்எஃப்பி (போர்ட்டில் சொருகும் ஒளி மாட்யூல்) கணக்கு தனி. எனவே கொட்டேஷன் வந்ததும் எத்தனை போர்ட் லைசென்ஸ், எத்தனை எஸ்எஃப்பி என்று இரண்டு எண்ணையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள். ஐஎஸ்எல்களை ஒன்றாகக் கட்டும் டிரங்கிங் லைசென்ஸுக்கு, இந்த அளவுக்கு, காசு போட வேண்டியதில்லை.

எஸ்எஃப்பியில் இன்னொரு விஷயம். 32 ஜி எஸ்எஃப்பி 32, 16, 8 ஆகிய மூன்று வேகத்தில்தான் பேசும். பழைய 4 ஜி டேப் லைப்ரரி ஏதாவது இருந்தால் அதற்கு 16 ஜி எஸ்எஃப்பி போட வேண்டும், அது 4 வரை இறங்கும். ஓஎம்3 வகை ஃபைபர் கேபிளில் 32 ஜி 70 மீட்டர்தான் போகும், ஓஎம்4 என்றால் 100. ஒரே அறைக்குள் இது தாராளம், அடுத்த கட்டடம் வரை இழுப்பதானால் அளந்துவிட்டு வாங்குங்கள்.

இந்தப் பெட்டியில் எனக்கு மிகவும் பிடித்தது கமாண்ட் லைன்தான். சுவிட்ச்ஷோ என்று அடித்தால் ஒவ்வொரு போர்ட்டின் நிலையும் ஒரு வரியில் வந்துவிடும். "நோ மாட்யூல்" என்றால் எஸ்எஃப்பியே இல்லை. "நோ லைட்" என்றால் எஸ்எஃப்பி இருக்கிறது, எதிர்ப்பக்கத்திலிருந்து ஒளி வரவில்லை, கேபிளைப் பாருங்கள். "நோ சிங்க்" என்றால் ஒளி வருகிறது, பேச்சு ஒத்துப்போகவில்லை, வேகத்தைப் பாருங்கள். "ஆன்லைன்", பக்கத்தில் எஃப் போர்ட் (சர்வர் அல்லது ஸ்டோரேஜ் இணையும் போர்ட்), அதற்கடுத்து 16 ஹெக்ஸ் இலக்கத்தில் டபிள்யூடபிள்யூஎன் (அந்தக் கருவியின் தனி அடையாள எண்) வந்தால் சர்வர் உள்ளே நுழைந்துவிட்டது. போர்ட்எர்ஷோ இன்னும் அருமை: சிஆர்சி எர்ரர் (வழியில் கெட்டுப்போன ஃபிரேம்கள், அதாவது டேட்டா பொட்டலங்கள்) என்று ஒரு பத்தி, அதற்குப் பக்கத்தில் ஜி-இஓஎஃப் (அவற்றில் முடிவுக்குறி நல்லபடியாக இருப்பவை) என்று இன்னொரு பத்தி. இரண்டும் சேர்ந்து ஏறினால் கோளாறு இந்த லிங்க்கிலேயே இருக்கிறது, பெரும்பாலும் கனெக்டர் முனையில் ஒட்டிய தூசிதான், கிளீனர் பேனாவால் ஒரு முறை துடைத்தாலே அநேகமாக நின்றுவிடும். முதல் பத்தி மட்டும் ஏறினால் கெட்ட ஃபிரேம் வேறெங்கோ கெட்டுப்போய் இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. எந்தக் கேபிளைக் கழற்றுவது என்று ராத்திரியில் ரேக் முன்னால் நின்று யோசிக்கும் ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று சொல்லித் தீராது.

சோனிங் எளிதுதான். ஒவ்வொரு எச்பிஏ போர்ட்டுக்கும் ஒரு அலயஸ் (எளிதில் படிக்க வைக்கும் பெயர்), ஒரு சோனுக்குள் ஒரே ஒரு சர்வர் போர்ட், அதனோடு ஸ்டோரேஜ் போர்ட்டுகள். எல்லா சர்வரையும் ஒரே சோனில் கொட்டினாலும் வேலை செய்யும், ஆனால் ஒரு சர்வர் ரீபூட் ஆகும்போதெல்லாம் மற்றவற்றுக்கும் தேவையில்லாமல் தகவல் போய்க்கொண்டிருக்கும். சிஎஃப்ஜிசேவ் கமாண்ட் சோனிங்கை எழுதி வைப்பதோடு சரி, சிஎஃப்ஜிஎனேபிள் கொடுத்தால்தான் நடைமுறைக்கு வரும்.

கழற்றி மாட்டும் இரட்டை பவர் சப்ளை கட்டாயம் வேண்டும் என்றால் இதே வரிசையில் ஜி620 இருக்கிறது, சிஸ்கோவில் எம்டிஎஸ் 9132டி இருக்கிறது, இரண்டுமே நல்ல பெட்டிகள், விலையும் அதற்கேற்றபடி ஏறும். மூன்று நாலு சர்வர்தான், இனிமேலும் எண்ணிக்கை கூடப்போவதில்லை என்றால் சுவிட்ச்சே தேவைப்படாமல் போகலாம். பல அரேக்களில் எச்பிஏ கேபிளை நேராகக் கன்ட்ரோலரிலேயே சொருகலாம், உங்கள் மாடலில் அது முடியுமா என்று முதலில் கேட்டுவிட்டு அப்புறம் ஜி610-க்கு விலை கேளுங்கள்.