பீட்ரூட்டா, ஈரலா, மாத்திரையா: ஒரு 109 நாள் கணக்கு

ஜூன் 14 அன்று கோத்தகிரியில் ரத்ததான முகாமுக்குப் போய்த் திரும்பி வந்தேன், ரத்தம் கொடுக்காமல். விரலில் குத்தி எடுத்த சொட்டை அந்தப் பெண் ஒரு நீலத் தண்ணீரில் விட்டார். காப்பர் சல்பேட் கரைசல் அது. நூறு மில்லி ரத்தத்தில் ஹீமோகுளோபின், அதாவது ரத்தத்துக்குச் சிவப்பு தருகிற இரும்புள்ள சத்து, 12.5 கிராம் இருந்தால் சொட்டு நேராக அடிக்கு இறங்கிவிடும். என்னுடையது பாதி வழி போய், அங்கேயே கொஞ்ச நேரம் நின்று, பிறகு மெதுவாக மேலே வந்துவிட்டது. மெஷினில் வைத்துப் பார்த்தால் 12.1.

"பயப்படாதீங்கக்கா. நல்லா சாப்பிட்டு அக்டோபர் ஒண்ணாம் தேதி வாங்க, அன்னைக்கும் முகாம் இருக்கு" என்றார்.

நல்லா சாப்பிடுவது என்றால் எதை? வீடு வந்து சேர்வதற்குள் ஆளுக்கொன்று சொன்னார்கள். மாமியார் பீட்ரூட் என்றார். பக்கத்துத் தோட்டத்துக்காரம்மா பேரீச்சை என்றார். கூடலூர்த் தோழி ஃபோனில் ஈரல் என்றாள். மெடிக்கல் ஷாப் தம்பி கேட்காமலே மாத்திரை அட்டையை எடுத்து வைத்தார். தேயிலை எடை போட்டுப் போட்டுப் பழகின கை எனக்கு, இதையும் கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

ஒரு கிராம் ஹீமோகுளோபினில் சுமார் 3.4 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. என் எடை 52 கிலோ, உடம்பில் ஏறக்குறைய மூன்றரை லிட்டர் ரத்தம் ஓடும். 12.1-ஐ 13 ஆக்க வேண்டுமானால் வழக்கமான அன்றாடத் தேவைக்கு மேல் 110 மில்லிகிராம் இரும்பு கூடுதலாகச் சேர வேண்டும். கையில் இருப்பது 109 நாள். ஆக, நாளுக்கு ஒரு மில்லிகிராம். தட்டில் இருப்பது கணக்கில் வராது, உடம்பில் சேர்வதுதான் கணக்கு. இந்த ஒற்றை மில்லிகிராமை வைத்துத்தான் எல்லாவற்றையும் நிறுத்துப் பார்த்தேன்.

பீட்ரூட் முதல் சுற்றிலேயே போய்விட்டது. நூறு கிராமில் 0.8 மில்லிகிராம்தான். செடிவகை உணவின் இரும்பில் நூற்றுக்கு ஐந்து, மிஞ்சினால் பத்து பங்கு உடம்பில் சேரும் என்று வைத்துக்கொண்டால், ஒரு மில்லிகிராமுக்கு நான் தினம் ஒரு கிலோவுக்கு மேல் பீட்ரூட் தின்ன வேண்டும். நீலகிரியில் மூட்டை மூட்டையாக விளைகிறது என்பதற்காக அதைச் சுமந்துகொண்டு திரிய முடியாது. மாதுளை இன்னும் மோசம், 0.3. சிவப்பாக இருப்பதெல்லாம் ரத்தம் ஆகுமென்றால் மிளகாய்ப் பொடியும் ஆகியிருக்கும். பேரீச்சையும் வெல்லமும் அவ்வளவு மோசமில்லை. ஆனால் ஒரு துண்டு வெல்லத்தில் அரை மில்லிகிராம்தான் இருக்கிறது, அதில் சேர்வது அதைவிடத் துளி. இனிப்பு ஆசைக்குச் சாப்பிடலாம், இரும்புக்காக வேண்டாம்.

முருங்கைக்கீரைக்கு வருகிறேன். நூறு கிராமில் நாலரை மில்லிகிராம் வரை உண்டு, கீரைகளில் நல்ல இடம். ஆனால் எங்கள் குளிருக்கு முருங்கை வராது. மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ் ஏறி வந்து, மத்தியானத்துக்குள் உதிர ஆரம்பித்துவிடும். கிடைக்கிற அன்று விடுவதில்லை, அவ்வளவுதான். பாலக்கீரை இங்கேயே கிடைக்கிறது. ஆனால் அதில் இருக்கிற இரும்பு சரியாகச் சேராது.

ராகியும் அவரையும் இந்த மலையின் சாப்பாடு. படுகர் வீடுகளில் ராகிக் களியும் அவரைக் குழம்பும் தலைமுறை தலைமுறையாக வருகிறது. ராகியில் நூறு கிராமுக்கு நாலரை மில்லிகிராம் இரும்பு உண்டு. கூடவே தானியங்களில் இருக்கிற ஃபைடேட் என்கிற பொருளும் சுண்ணாம்புச் சத்தும் உண்டு, இரண்டும் இரும்பை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். முளைகட்டி அரைத்தால் பிடி தளரும். கொள்ளு இதைவிடத் தெம்பு, எட்டு மில்லிகிராமுக்கு மேல். அதை ஊறவைத்து முளைகட்டி, எலுமிச்சை பிழிந்து சாப்பிட்டால் சேர்வது இரண்டு மூன்று மடங்கு ஆகலாம், வைட்டமின் சி செய்கிற வேலை அது. நெல்லிக்காயோ கொய்யாவோ இருந்தாலும் சரி. இரும்புச் சட்டியில் புளிக்குழம்பு வைத்தால் சட்டியிலிருந்தும் கொஞ்சம் இறங்கும். மாமியாரின் பழைய சட்டி பரணில் கிடந்தது, துரு தேய்க்கவே ஒரு நாள் ஆனது.

ஈரல் வேறு ஜாதி. கோழி ஈரல் நூறு கிராமில் 9 மில்லிகிராம், செடிவகையைவிட நன்றாகவும் சேரும். ஒரு வேளை சாப்பாட்டிலேயே என் ஒரு மில்லிகிராம் ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. விலையும் கறியைவிடக் குறைவு. ஆனால் தினமும் ஈரல் யார் சாப்பிடுவது? வைட்டமின் ஏ அதில் ஏகமாக இருப்பதால் சாப்பிடவும் கூடாது, கர்ப்பிணிகள் தொடாமலே இருக்கலாம். வாரத்துக்கு ஒரு நாள், மிளகு தூக்கலாகப் போட்டு வறுவல். கறி, மீன் கொஞ்சம் சேர்த்தாலே அதே தட்டில் இருக்கிற கொள்ளின் இரும்பும் கூடுதலாகச் சேரும் என்பது இன்னொரு லாபம்.

மாத்திரையோடு சாப்பாடு போட்டிபோட முடியாது, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். 60 மில்லிகிராம் மாத்திரையில் பத்தில் ஒரு பங்கு சேர்ந்தாலும் ஆறு மில்லிகிராம். 2015-இல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், ரத்தம் கொடுத்துவிட்டு மாத்திரை எடுக்காதவர்களில் மூன்றில் இரண்டு பேருக்கு 24 வாரமாகியும் இரும்பு இருப்பு பழைய நிலைக்கு வரவில்லை. தினம் 37.5 மில்லிகிராம் எடுத்தவர்களில் பாதிப் பேர் அதில் பாதி நாளுக்குள்ளேயே மீண்டார்கள். மலச்சிக்கலும் வயிற்றுப் புரட்டலும் இருக்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்தால் ஒவ்வொரு மாத்திரையிலும் சேரும் பங்கு கூடுகிறது என்றும் கண்டிருக்கிறார்கள். என் அக்கா மகளுக்கு மாதவிலக்கில் ரத்தப்போக்கு அதிகம், ஹீமோகுளோபின் 10.8. அவளுக்கு நான் கொள்ளு பற்றிப் பேசவே இல்லை. நேரே டாக்டர், மாத்திரை.

கடையில் நாமே வாங்கி விழுங்குவதை மட்டும் இங்கே செய்யக் கூடாது. நீலகிரிப் பழங்குடிகளிடம் சிக்கிள் செல் மரபுக்கூறு (ரத்த அணுக்களை அரிவாள் போல வளைக்கிற பரம்பரைக் கோளாறு) இருப்பது 1952-லேயே கண்டறியப்பட்டது. ரத்தம் குறைவதெல்லாம் இரும்புக் குறைவு அல்ல. இன்னொன்று, கோத்தகிரி ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம். இந்த உயரத்தில் உடம்பு கொஞ்சம் கூடுதலாகவே ஹீமோகுளோபின் செய்யும், அதனால் இங்கே 12.1 என்பது மேட்டுப்பாளையத்து 12.1-ஐவிடக் கொஞ்சம் மோசம். நான் உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டுகிற ஃபெரிட்டின் சோதனை பார்த்தேன். இருப்பு குறைவு, ஆனால் காலி இல்லை. "சாப்பாட்டில் முயன்று பாருங்கள்" என்றார் டாக்டர்.

அப்புறம்தான் டீ. இத்தனை கணக்கும் போட்டுவிட்டு, களி உருண்டைக்குப் பக்கத்திலேயே பால் ஊற்றாத டீ டம்ளரை வைத்திருக்கிறேன்! காலைச் சாப்பாட்டோடு ஒன்று, தோட்டத்தில் பறிப்புக்கு நடுவே ஃப்ளாஸ்க்கில் கொண்டுபோன சாப்பாட்டோடு ஒன்று. சாப்பாட்டோடு குடிக்கும் டீ செடிவகை இரும்பில் பாதிக்கு மேல் சேரவிடாமல் செய்துவிடும். டீ விற்றுப் பிழைக்கிற வீட்டில் இதை எழுதுகிறேன், நிறுத்தச் சொல்லவில்லை. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடிப்பது என்று மாற்றினேன். ஒரு பைசா செலவில்லாமல் பீட்ரூட், பேரீச்சை, மாதுளை மூன்றும் சேர்ந்து தராததை இது தந்திருக்கும் என்பது என் கணிப்பு. முதல் வாரம் தலைவலி. மாமியார், "சாப்பாட்டோட டீ இல்லாம எப்படிம்மா இறங்கும்" என்று தினமும் கேட்டார்.

அக்டோபர் ஒன்றாம் தேதி சொட்டு இறங்கியது. மெஷினில் 12.8. எதிர்பார்த்த 13 இல்லை, ஆனாலும் போதும். 350 மில்லி எடுத்தார்கள், அதோடு போன இரும்பு சுமார் 150 மில்லிகிராம். பெண்களுக்கு அடுத்த தானத்துக்கு 120 நாள் இடைவெளி வேண்டும், கணக்கு மறுபடி முதலிலிருந்து. எழுந்ததும் பிஸ்கட்டும் டீயும் கொடுத்தார்கள். மைதா பிஸ்கட்டில் இழக்க என்ன இரும்பு இருக்கிறது என்று நிம்மதியாகக் குடித்தேன்.