மலிவு விலை 64 ஜிபி பென் டிரைவ்: லினக்ஸில் வாங்கலாமா?

உறையில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பது பெரும்பாலும் படிக்கும் வேகம் மட்டும்தான். எழுதும்போது ஆரம்பத்தில் சரசரவென்று போகும். உள்ளேயிருக்கும் கேஷ் (தரவைத் தற்காலிகமாக வாங்கிவைக்கும் வேகமான பகுதி) நிரம்பியதும் பல டிரைவ்கள் நொடிக்கு 10 எம்பிக்குக் கீழே இறங்கிவிடும். படம் ஏற்றி டிவியில் பார்க்க இது தாராளமாகப் போதும்.

லினக்ஸில்தான் தலைவலி. எழுத வேண்டிய தரவை கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) முதலில் ரேமில் சேர்த்துவைக்கிறது. வழக்கமான வரம்பு, கிடைக்கும் நினைவகத்தில் 20 சதவீதம். 16 ஜிபி ரேமில் அது 3 ஜிபி வரை போகும். காப்பி முடிந்ததாகத் திரை சொல்லும், டிரைவில் பாதிகூட ஏறியிருக்காது. வரம்பு நிரம்பினால், வேறு டிஸ்க்கில் எழுத முயலும் புரோகிராம்களும் சேர்ந்து காத்துக்கிடக்கும். பிரவுசர் உறைவது இதனால்தான். கூடுதல் ரேம் போட்டால் தேக்கம் இன்னும் பெரிதாகும்.

இந்தத் தேக்கத்தைக் குறைக்க, கர்னலின் மதிப்புகளை மாற்றும் சிஸ்சிடிஎல் (sysctl) அமைப்பில் டர்ட்டி பேக்ரவுண்ட் பைட்ஸுக்கு (vm.dirty_background_bytes, பின்னணியில் எழுதத் தொடங்கும் அளவு) 16777216, டர்ட்டி பைட்ஸுக்கு (vm.dirty_bytes, ரேமில் சேரும் உச்ச வரம்பு) 50331648 கொடுங்கள். அதாவது 16 எம்பி, 48 எம்பி. சதவீத மதிப்புகள் தாமாகவே 0 ஆகிவிடும். இனி காப்பி பட்டை காட்டுவது கிட்டத்தட்ட உண்மையான வேகம். எஸ்எஸ்டியில் பெரிய கோப்புகளோடு மல்லுக்கட்டுபவர்கள் இரண்டாவது எண்ணை 256 எம்பி வரை ஏற்றிக்கொள்ளலாம்.

கழற்றும் முன், ரேமில் மிச்சமிருப்பதை டிரைவில் எழுதிமுடிக்கும் சிங்க் (sync) கட்டளை கொடுத்து, அது முடியும்வரை கட்டாயம் பொறுங்கள். தினசரி பேக்கப்புக்கு இந்த டிரைவ் வேண்டவே வேண்டாம். கொஞ்சம் காசு கூட்டி யூஎஸ்பி எஸ்எஸ்டி வாங்குங்கள்.