அகச்சிவப்புக் கூட்டுவிசைப் பலகை: ரிசீவரா, லிர்க்கா, பிக்கோவா?

பழைய அகச்சிவப்புக் கீபோர்டை வாங்கும்போது, முதலில் அதன் ஒளிச் சைகையை வாங்கிக் கம்ப்யூட்டருக்குத் தரும் ரிசீவரும் கூடவே வருகிறதா என்று கேளுங்கள். சைக்கீ மாதிரியான கூட்டுவிசைப் பலகைக்கு இது ரொம்ப முக்கியம். 1980களில் பிரிட்டனில் வந்த ஆறு விசை மைக்ரோரைட்டரின் வாரிசு சைக்கீ. மைக்ரோரைட்டரைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான திரைப்பட இயக்குநர் சை எண்ட்ஃபீல்டின் நினைவாக அந்தப் பெயர். கூட்டுவிசைப் பலகையில் சில விசைகளைச் சேர்த்து அழுத்தினால் ஓர் எழுத்து விழும்.

பலகைக்கே உரிய யுஎஸ்பி ரிசீவர் இருந்து, அது தன்னைக் கீபோர்டு என்று கம்ப்யூட்டருக்கு அறிமுகப்படுத்திக்கொண்டால் வேறு வழி தேட வேண்டாம். டிரைவர் தேவையில்லை; கம்ப்யூட்டர் துவங்கும்போது வரும் பயாஸ் திரையில்கூட வேலை செய்யும்.

ரிசீவர் தொலைந்தவர்கள் பலரும் பழைய லேப்டாப்பின் ஐஆர்டிஏ எனும் அகச்சிவப்பு போர்ட்டை நாடுகிறார்கள். வீண் அலைச்சல். அது ஒரு மீட்டருக்குள் இரண்டு கருவிகள் நேருக்கு நேர் பேசிக்கொள்ள அமைந்தது. டிவி ரிமோட் பாணியில், சுமார் 38 கிலோஹெர்ட்ஸில் துடிக்கும் ஒளியை அது புரிந்துகொள்ளாது.

மிஞ்சுவது இரண்டு. ஒன்று, ராஸ்பெரி பை எனும் சின்னக் கம்ப்யூட்டரின் ஜிபிஐஓ இணைப்பு ஊசிகளில் டிசாப் 38238 என்ற அகச்சிவப்பு சென்சாரைப் பொருத்தி, லினக்ஸில் லிர்க் என்ற ரிமோட் மென்பொருள் வழியாகப் படிப்பது. மூன்றே கால்கள், 3.3 வோல்ட் போதும். ஆராய்ச்சிக்கு இதை மிஞ்சியது இல்லை: லிர்க்கின் மோட்2 கட்டளையைப் போட்டுவிட்டு ஒரு விசையை அழுத்தினால், துடிப்புகளும் இடைவெளிகளும் மைக்ரோ செகண்டில் வரிசையாக ஓடும். ஒன்றுமே ஓடவில்லையென்றால் மொபைலின் முன் கேமராவில் பலகையின் எல்இடியைப் பாருங்கள். பெரும்பாலான மொபைல்களில் ஊதா நிறத்தில் மினுக்கும். மினுக்கியும் சென்சார் கேட்கவில்லை என்றால் துடிப்பின் அலைவெண் வேறாக இருக்கலாம்.

தினசரி டைப்பிங்குக்கு மட்டும் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். லினக்ஸ் இதை ரிமோட்டாகவே நடத்துகிறது. ஒரே குறியீடு உடனே திரும்ப வந்தால், விரல் இன்னும் எடுக்கப்படவில்லை என்று எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. ஆங்கிலத்தில் இது அவ்வப்போது வரும் தொல்லை. தமிழ்99 விசைப்பலகை அமைப்பில் தினமும் வரும் தொல்லை, ஏனென்றால் ‘க’வை இருமுறை தட்டினால்தான் ‘க்க’ கிடைக்கும். இரண்டாவது தட்டல் விழுங்கப்பட்டால் ‘பக்கம்’ ‘பகம்’ ஆகிவிடும்.

இன்னொன்று, அதே சென்சாரை ராஸ்பெரி பை பிக்கோ என்ற சின்ன மைக்ரோகண்ட்ரோலர் போர்டில் மாட்டி, அதையே யுஎஸ்பி கீபோர்டாக்குவது. குறியீட்டை ஒருமுறை படித்துப் புரோகிராம் எழுத வேண்டும். ஒரு வார இறுதி போய்விடும். ஆனால் எது புதுத் தட்டல், எது நீண்ட அழுத்தம் என்று தீர்மானிப்பது நீங்கள். எந்தக் கம்ப்யூட்டரில் செருகினாலும் கீபோர்டுதான். அசல் ரிசீவர் இல்லாதவர்களுக்கு என் தேர்வு இதுவே.

கூட்டுவிசைக்கு அகச்சிவப்பு பொருந்துவதற்கு ஒரு காரணமும் உண்டு. சாதாரணக் கீபோர்டு, விசை அழுந்தியதையும் விட்டதையும் தனித்தனியே சொல்ல வேண்டும். விட்ட செய்தி வழியில் தொலைந்தால் ஒரே எழுத்து வரிசையாகக் கொட்டும். எழுத்துக்கு ஒரே செய்தி அனுப்பும் பலகையில் தொலைந்தால் ஓர் எழுத்துதான் போகும்.

தமிழில் எழுதப் போகிறவர்கள் புரோகிராமில் இன்னொன்றையும் கவனியுங்கள். தமிழ்99இல் ‘ந’ இருப்பது அரைப்புள்ளி விசையில், ‘ய’ மேற்கோள் விசையில். நிறுத்தற்குறிகளுக்குக் கடினமான சேர்க்கை வைத்திருந்தால், இந்த இரண்டையும் எளிய சேர்க்கைக்கு மாற்றிவிடுங்கள்.