தொப்பிக்கார மீனா, குடைக்காரக் குரங்கா?

பேராசை கூடாது என்று சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்ல எந்தக் கதை நல்லது? திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டு விறாந்தைக்குச் சனிக்கிழமைப் பின்னேரங்களில் ஏழெட்டுப் பிள்ளைகள் கதை கேட்க வருவார்கள். பேராசை பற்றிச் சொல்லவேண்டும் என்றதும் நானும் முதலில் எடுத்தது பொன்முட்டை வாத்தைத்தான். வாத்தை அறுத்த இடத்தில் சின்னவள் அழுதாள். இன்னொருத்தி, "மாமி, பிறகு அதைக் கறி வைச்சவையோ?" என்றாள். வாத்து அத்தோடு சரி.

திருக்குறளின் 18ஆம் அதிகாரம் வெஃகாமை, பிறர் பொருளுக்கு ஆசைப்படாமை. அதன் பத்துக் குறளையும் மூச்சுவிடாமல் ஒப்புவிக்கும் பெடியன் ஒருவன் வருகிறான். ஒப்புவித்த கையோடு தம்பியின் ரொபியைப் பறிப்பான். வள்ளுவரில் பிழையில்லை.

எனவே உண்மையான போட்டி இரண்டு படக்கதைகளுக்கு இடையில்தான்.

ஒன்று ஜோன் கிளாசனின் 'திஸ் இஸ் நொட் மை ஹற்', இது என் தொப்பி இல்லை, 2012இல் வந்த ஆங்கிலப் புத்தகம். பெரிய மீனின் தொப்பியைத் திருடிய சின்ன மீன் தானே கதை சொல்லிக்கொண்டு போகிறது. பெரியவர் நித்திரை, எழும்பமாட்டார் என்கிறது. படத்தில் பெரிய மீனின் கண் திறந்திருக்கிறது. அவருக்கு இந்தத் தொப்பி சின்னன், எனக்குத்தான் அளவு என்று நியாயமும் சொல்கிறது. தான் போன வழியைக் கண்ட நண்டு காட்டிக்கொடுக்காது என்றும் நம்புகிறது. சொல் ஒன்று, படம் வேறொன்று. சிரிப்பு அந்த இடைவெளியில்தான். பேராசைக்காரன் தனக்குத்தானே நியாயம் சொல்வதை இவ்வளவு சுருக்கமாகக் காட்டிய புத்தகம் வேறு நான் பார்த்ததில்லை. ஆங்கில எழுத்தும் கொஞ்சம்தான். தமிழில் சொல்வது சுகம். முடிவில் தொப்பி பெரிய மீனின் தலையில். சின்ன மீனைக் காணோம், ஒரு சொல்லும் இல்லை. கரைவலை இழுப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை: "திண்டிட்டுது." ஆனால் அவர்கள் எடுத்த பாடம்? "நண்டு கண்டதுதான் பிழை, மாமி." அகப்படாமல் எடுக்கவேண்டுமாம்! போதும் என்ற நினைப்பு இந்தக் கதையில் எங்கும் இல்லை.

மற்றது சிங்கள எழுத்தாளர் சிபில் வெத்தசிங்கவின் 'குட ஹொரா', குடைத் திருடன், 1956. குடையே இல்லாத ஊரிலிருந்து பட்டினம் போகும் கிரி மாமா குடை வாங்கி வருகிறார். வழியில் களவு போகிறது. மீண்டும் வாங்குகிறார், மீண்டும் களவு. கடைசியில் குடைக்குள் கடதாசித் துண்டுகளைப் போட்டு, அவை சிந்திய வழியே போய்க் குடைகளைக் கண்டுபிடிக்கிறார். அள்ளிக்கொண்டு வரும்போது ஒன்றைத் திருடனுக்கென்று விட்டுவிடுகிறார். திருடன் ஒரு குரங்கு. சிங்களப் புத்தகத்தின் படங்களைக் காட்டித் தமிழில் சொன்னேன். முற்றத்து மாமரத்தில் குரங்கோடு மல்லுக்கட்டும் எங்கள் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். யாருக்கும் தண்டனையில்லை, ஆனால் ஏன் ஒன்றை விட்டார் என்று அரைமணி நேரம் வாக்குவாதம். "அதுக்கும் மழை பெய்யும்தானே" என்றாள் வாத்துக்கு அழுதவள்.

குறள்காரன் விடவில்லை. மிச்சக் குடைகளை வைத்துக் கிரி மாமா கடை போட்டாரே, அப்போ ஆசை ஆருக்குக் கூட? எனக்குப் பதில் வரவில்லை. அந்தக் கேள்விக்காகவே என் வாக்கு குடைக்கு. ஐந்து ஆறு வயதுக்கு அதுதான். மீனை எட்டு வயதுக்குமேல் வைத்துக்கொள்ளலாம்.

அன்று போகும்போது அவன் ஜன்னல் விளிம்பில் ஒரு ரொபியை விட்டுப்போனான், குரங்குக்காம். கடதாசியைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே கல்.