பால் சென்டர் கணக்கும் பிரைமரி கீயும்: பத்து வருட அனுபவம்

காங்கயம் பக்கம் மாமா ஒரு பால் சென்டர் நடத்துகிறார். 2014-இல் மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் வைத்து அதற்கு ஒரு கணக்கு புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். இன்றைக்கும் அதுதான் ஓடுகிறது. ஆனால் பால் ஊற்றுபவர்கள் டேபிளின் பிரைமரி கீயை, அதாவது ஒவ்வொரு வரியையும் தனித்துக் காட்டும், இரண்டு வரிக்கு ஒன்றாக இருக்கக் கூடாத அடையாளத்தை மட்டும் மூன்று தடவை மாற்றிவிட்டேன்.

முதலில் பெயரும் ஊரும் சேர்ந்துதான் கீ. எங்கள் பக்கம் தோட்டத்துக்கு ஒரு பழனிசாமி. ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

அடுத்து செல் நம்பர். அதை இன்ட் என்ற முழு எண் வகையில் வைத்தேன். முதல் ஆள் சிக்கலில்லாமல் ஏறினார். இரண்டாவது ஆளுக்கு எரர் 1062, டூப்ளிகேட் என்ட்ரி 2147483647, அதாவது இந்தக் கீ ஏற்கெனவே இருக்கிறதாம். அந்த நம்பரை நான் அடிக்கவே இல்லை! ஒரு சாயங்காலம் முழுக்க மண்டையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் விளங்கியது. இன்ட்டில் அடங்கும் பெரிய எண்ணே அதுதான். நம் ஊர் செல் நம்பர்கள் 6-க்குக் குறைந்து தொடங்குவதில்லை, பத்து இலக்கம் வேறு. ஒன்றுகூட அதில் அடங்காது. நான் வைத்திருந்தது மைஎஸ்க்யூஎல்லின் பழைய 5.5 பதிப்பு, அடங்காத மதிப்பை எரர் காட்டித் தடுக்கும் ஸ்டிரிக்ட் மோடும் போடவில்லை. அதனால் முதல் ஆளின் நம்பரையே சத்தமில்லாமல் வெட்டி அந்த எண்ணாக்கி வைத்திருக்கிறது. 5.7-லிருந்து ஸ்டிரிக்ட் மோடு தானாகவே வரும், முதல் ஆளிலேயே நிறுத்திவிடும். சரி என்று எண்ணாக இல்லாமல் எழுத்தாக வைக்கும் வர்கேர் வகைக்கு மாற்றினேன். அப்புறம் பார்த்தால் அப்பனுக்கும் மகனுக்கும் ஒரே போன்.

கடைசியில் ஆட்டோ இன்கிரிமென்ட், டேட்டாபேஸே 1, 2, 3 என்று வரிசையாக எண் கொடுத்துவிடும். இதில் வேறு கூத்து. ஒரு இன்சர்ட் (புது வரி சேர்க்கும் கட்டளை) தோற்றாலும் அந்த எண் போனது போனதுதான். "மாப்ளே, 41 இருக்குது, 43 இருக்குது, 42 யாரு? அவனுக்குப் பணம் போகுதா?" என்று மாமா ஒரு மாதம் சந்தேகப்பட்டார். அதைவிடப் பெரிய ஓட்டை, ஒரே ஆளை இரண்டு தடவை ஏற்றினாலும் இந்தக் கீ வாயே திறக்காது. பால் அட்டை எண்ணுக்குத் தனியாக, ஒரே எண் இரண்டு தடவை வரவிடாத யுனிக் போட்ட பிறகுதான் நிம்மதி.

தினசரி பால் டேபிளுக்கு உறுப்பினர் எண், தேதி, வேளை மூன்றும் சேர்ந்த கீ. இது நன்றாகத்தான் போனது, ஒரு அம்மா இரண்டு கேனோடு வரும் வரை. இரண்டாவது கேனுக்கு டூப்ளிகேட் என்றது. ஒன்றாகவே ஊற்றச் சொன்னேன். "ஏங்கண்ணு, ஒண்ணு மாட்டுப்பாலு, ஒண்ணு எருமைப்பாலு. கலந்துபோட்டா எருமைக்கு உண்டான வெல ஆரு குடுப்பா?" நியாயம்தானே. பால் வகையையும் கீயில் சேர்த்தேன்.

நான் செய்த பெரிய தப்பு, 1062-ஐப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய் இன்சர்ட் இருந்த இடத்திலெல்லாம் ரீப்ளேஸ் இன்டு போட்டது. எரர் நின்றது. பத்து நாள் பட்டுவாடா அன்று பார்த்தால் பல பேருக்குத் தீவன பாக்கி பூஜ்யம். ரீப்ளேஸ் பழைய வரியைத் திருத்துவதில்லை. அழித்துவிட்டுப் புதிதாக எழுதுகிறது. நான் மதிப்புக் கொடுக்காத பாக்கித் தொகை டீஃபால்ட்டுக்கு, அதாவது பூஜ்யத்துக்குப் போய்விட்டது. மாமாவின் கைநோட்டைப் பார்த்து இரண்டு ராத்திரி உட்கார்ந்து பாக்கியைத் திரும்ப ஏற்றினேன். இப்போது அந்த இடத்தில், கீ ஏற்கெனவே இருந்தால் அதே வரியை அழிக்காமல் திருத்தும் ஆன் டூப்ளிகேட் கீ அப்டேட் இருக்கிறது. மாமா இன்னும் நோட்டில் எழுதுவதை விடவில்லை, நானும் விடச் சொல்வதில்லை.